இரண்டு மே மாதங்கள்

2024 மே முதல் வாரம். கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று டிவியில் சொன்ன அன்று ராத்திரி சின்னமனூரிலிருந்து போன். "தம்பி, திரும்பவும் மூடப் போறாய்ங்களா? அரிசி பருப்பு வாங்கிப் போட்டுக்கடா." எங்கள் லாட்ஜில் இருபத்தோரு வருஷம் ரூம் பாயாக இருந்த அண்ணன். "அது இல்லண்ணே, எத்தனை வண்டி வருதுன்னு கணக்குப் பார்க்க கோர்ட்டு சொன்னது. கேட்ட எல்லாருக்கும் பாஸ் குடுக்குறாங்க" என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. போனை வைத்த பிறகு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் 14 ரூம் உள்ள ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். கொரோனா பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். அந்த போனுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"வேலை போச்சு" என்று சொன்னால் ஒரு மாதச் சம்பளம் போனதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 2020இல் எனக்குச் சம்பளம் 9,000, அண்ணனுக்கு 7,000. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. நடத்துவது சீசன் காசுதான். ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை. வெந்நீர் வாளி கொண்டுபோய் வைத்தால் இருபது ரூபாய், ரூம் காலி பண்ணும்போது நூறு, ராத்திரி கேம்ப் ஃபயருக்கு விறகு அடுக்கினால் தனி. அந்த ஒன்றரை மாதத்தில் அண்ணன் கையில் நாற்பதாயிரம் சேரும். மகளின் பீஸ், அடகு நகை, வாங்கிய கைமாற்று எல்லாம் அதில்தான் அடையும். வெள்ளாமை பண்ணுகிற சம்சாரிக்குத் தை மாதிரி எங்களுக்கு மே. கொரோனா எங்களிடம் எடுத்துக்கொண்டது இரண்டு மே மாதங்களை.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி ராத்திரி 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். எங்கள் ரிஜிஸ்டரில் அதற்கு முன்பே எழுத்து நின்றுவிட்டது. கடைசியாக மார்ச் 18, ரூம் நம்பர் 7, கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான்: சீசனுக்கு அட்வான்ஸ் போட்டவர்கள் போன் பண்ணிப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். லாட்ஜை லீசுக்கு எடுத்து நடத்துகிறவர் அந்தப் பணத்தை ஏற்கெனவே பெயிண்டுக்கும் புது மெத்தைக்கும் செலவழித்திருந்தார். ஏப்ரலில் பாதிச் சம்பளம் தந்தார். மே மாதம், "தம்பி, என்னாலயும் முடியல" என்று அழுதுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பஸ் இல்லாததால் நானும் அண்ணனும் லாட்ஜிலேயே மாட்டிக்கொண்டோம். ஆள் படுக்காத ரூம் இங்கே சீக்கிரம் கெட்டுப்போகும். நாலு நாள் பூட்டிவைத்தால் மெத்தையடியில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும், கம்பளியில் ஈரநாய் வாடை வரும். அண்ணன் தினம் காலையில் 14 ரூமையும் திறந்து, கம்பளிகளை மொட்டைமாடியில் விரிப்பார். மதியம் மேகம் இறங்குமுன் ஓடிப்போய் எடுத்து, நாலு மூலையும் சேர்த்து மடித்து, சீசன் போலவே கட்டிலின் கால்மாட்டில் வைப்பார். "யாருண்ணே வரப்போறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வந்துட்டா?" என்றார். அந்த ஒரு சொல்லை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

ஏரிச் சாலையில் குதிரைகள் மேய்ந்தன, காட்டுமாடு பஜார் வரை வந்தது. படத்தைப் பார்த்து, ஊர் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நண்பர்கள் மெசேஜ் அனுப்பினார்கள். அந்தக் குதிரைக்காரர்கள் கொள்ளு வாங்கக் காசில்லாமல்தான் குதிரையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

அரிசி கார்டுக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. சின்னமனூரில் அண்ணி வாங்கிக்கொண்டார். வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் பாதிச் சம்பளம் வரை மூன்று மாதம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, விசாரித்தேன். இ.எஸ்.ஐ. வர ஓர் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்க்க வேண்டும், பி.எஃப். வர இருபது பேர். நாங்கள் எட்டுப் பேர். இந்த ஊரில் பாதி லாட்ஜ் எங்கள் லாட்ஜ் அளவுதான். ஜூலையில் இரண்டு பேரும் பூம்பாறைக்குப் பூண்டு வேலைக்குப் போனோம். மலைப்பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டிப் பரணில் தொங்கவிட வேண்டும். அண்ணன் அதையும் கம்பளி மடிப்பதுபோல ஒரே அளவாகக் கட்டுவார்.

செப்டம்பரில் இ-பாஸோடு ஆட்களை விட்டார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் நன்றாகவே ஓடியது. "இந்த மே மாசத்துல கடன் எல்லாத்தையும் அடைச்சிருவேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். 2021 ஏப்ரல் 20 முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. முதல் தடவை பயந்தோம். இரண்டாவது தடவை அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. மறுநாள் காலை சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, காய்கறி ஏற்றிய லாரியில் இறங்கிப் போய்விட்டார். ஆகஸ்டில் மறுபடி திறந்தபோது கூப்பிட்டேன். "திராட்சைத் தோட்டத்துல இருக்கேன்டா. வெயிலுதான், ஆனா தினக்கூலி அன்னன்னைக்கு வந்துருது" என்றார். அவர் முடிவு சரிதான். ஆனால், ரூமுக்குள் நுழைந்ததும் வந்தவர்களின் குழந்தைக்குக் குளிருகிறதா என்று முதலில் பார்க்கிற அந்தக் கண் எங்கள் லாட்ஜுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

2020இல் மட்டும் உலகம் முழுக்கச் சுற்றுலாவில் 6 கோடியே 20 லட்சம் வேலைகள் போனதாக உலகப் பயண, சுற்றுலாக் கவுன்சில் கணக்குச் சொன்னது. அண்ணன் பெயர் எந்த ஆபீஸ் காகிதத்திலும் இருந்ததில்லை. அவரை யார் எண்ணியிருப்பார்கள்?

போன மாதம் இப்போதுள்ள ஆட்களைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்கிற மத்திய அரசின் இ-ஷ்ரம் அட்டை உண்டு. வயது 16 முதல் 59 வரை. அதனால் உடனே காசு வராது, தெரியும். அடுத்த தடவை எங்காவது பட்டியல் எடுத்தால் பெயராவது இருக்கட்டும். துணி துவைக்கிற அக்காவுக்கு ஆதாரில் போன் நம்பர் சேர்க்கவில்லை, ரேகை வைக்கச் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் பெட்ஷீட்டைப் பிளீச்சிங் பவுடரில் கசக்கிய கை. பெருவிரல் விழவில்லை, ஆள்காட்டி விரல் விழவில்லை. அக்கா முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். ஏழாவது தடவை, இடதுகை மோதிர விரலை மிஷின் எடுத்துக்கொண்டது.