17ஆம் எண் வீட்டைத் தேடி

லண்டனுக்கு வருகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், கோபுரப் பாலத்தைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் இவர் பார்க்க ஆசைப்பட்டதோ ஸ்ட்ராட்டன் தெரு, 17ஆம் எண். விக்டோரியா காலத்தில் லைசியம் நாடக அரங்கை நடத்திய நடிகர் ஹென்றி இர்விங்கின் கடைசி வீட்டு முகவரி அது. நடிகர்களில் முதன்முதலாக ‘சர்’ பட்டம் வாங்கியவர் (1895) என்று விமானத்திலேயே பாடம் எடுத்துவிட்டார்.

கிரீன் பார்க் நிலையத்தை ஒட்டியே அந்தத் தெரு. ஒரு வாசலில் இவர் கைகட்டி நின்றார். காவலாளி வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

“ஹென்றி இர்விங்” என்றார் இவர், பக்தி மேலிட.

காவலாளி கையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “அவர் 1905லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்” என்று நான் விளக்கியதும் எங்களை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளில் பதிக்கும் நீல வட்டப் பலகை இர்விங்குக்கு இருப்பது கிராஃப்டன் தெருவில், அவர் 1872 முதல் 1899 வரை குடியிருந்த முந்தைய வீட்டில். கடைசி வீட்டில் மனிதர் சாகவும் இல்லை. பிராட்ஃபோர்டில் ‘பெக்கெட்’ நாடகத்தில் நடித்துவிட்டுத் திரும்பியவருக்கு ஓட்டல் முன்கூடத்திலேயே உயிர் போயிற்று. உடலை அஞ்சலிக்கு வைத்ததுகூட இதே தெருவில் பர்டெட்-கூட்ஸ் சீமாட்டியின் மாளிகையில்தான். அப்படியானால் இந்த வீட்டுக்கு என்னதான் பெருமை என்று கேட்டேன். இவர் பதில் சொல்லாமல் சுவரைப் படம் எடுத்துக்கொண்டார்.

இவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1871 நவம்பர் 25, ‘தி பெல்ஸ்’ நாடகத்தின் முதல் நாள். ஒரே இரவில் இர்விங்குக்குப் பேர் வந்துவிட்டது. வண்டியில் வீடு திரும்பும்போது மனைவி ஃபுளோரன்ஸ், “காலம் முழுக்க இப்படியே கோமாளித்தனம் செய்துகொண்டிருக்கப் போகிறீர்களா?” என்று கேட்டாளாம். ஹைடு பார்க் கார்னரில் வண்டியை நிறுத்தி இறங்கியவர், அதன்பின் அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. கலைஞனின் வைராக்கியம் என்று இவர் உருகுவார். அந்த அம்மாள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி என்பதை மட்டும் சொல்லமாட்டார். மறு மாதமே குழந்தை பிறந்துவிட்டது. அந்த நிலையில் முழு நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்தவளுக்கு வேறென்ன வசனம் வரும்?

திரும்புகையில் ரயிலில் நானும் ஏறக்குறைய அதையேதான் கேட்டேன். அடுத்த நிலையம் ஹைடு பார்க் கார்னர் என்று அறிவிப்பு வந்தது. இவர் விறைப்பாக எழுந்து கதவருகே போனார்.

இரண்டு பயண அட்டைகளும் என் கைப்பையில் இருந்தன. வந்து உட்கார்ந்துவிட்டார்.