கார்ல தனியா ஒரு டெம்பரேச்சர் கேஜ்

வண்டியோட வர்ற டெம்பரேச்சர் முள்ளை நான் நம்புறதில்ல, நிறைய கார்ல அது நடுவுல போய் நின்னுக்கும், சூடு நல்லா ஏறுனாலும் அசையாது, அசையுறப்போ இன்ஜின் கொதிக்க ஆரம்பிச்சிருக்கும். அதான் நம்பர் போட்ட கேஜ் ஒண்ணு வாங்கி நானே மாட்டிட்டேன்.

வயரிங் ஈஸி. சாவி போட்டா மட்டும் 12 வோல்ட் வர்ற லைன் (சின்ன ஃபியூஸ் வழியா எடுங்க), எர்த் (பேட்டரி மைனஸோட சேர்ந்த வண்டி உலோகம்), ராத்திரி வெளிச்சத்துக்கு பார்க் லைட் லைன், அப்புறம் சென்சார் வயர். இன்ஜின் பக்கத்துலருந்து உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் கிராமெட் (ஓட்டை ஓரத்துல மாட்டுற வளையம்) கண்டிப்பா போடுங்க, இல்லன்னா தகரம் வயரை அறுத்துடும்.

கவனிக்க வேண்டியது சென்சாரைத்தான். சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், அதைத்தான் கேஜ் படிக்குது. ஒத்தை வயர் சென்சார்னா அதோட உடம்புதான் எர்த், ரேடியேட்டர் மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் (சென்சாரைத் திருகுற மரை இருக்குற உலோகக் குழாய்த் துண்டு) போட்டு மாட்டுறீங்கன்னா ரெண்டு பக்கமும் ரப்பர்தானே, எர்த் எங்கருந்து வரும்? அடாப்டர்லருந்து இன்ஜின் பிளாக்குக்கு தனியா ஒரு வயர் இழுக்கணும், இழுக்கலன்னா இன்ஜின் கொதிச்சாலும் முள்ளு ஜில்லுன்னே காட்டும். மரைல டெஃப்லான் டேப்பை தடியா சுத்துனாலும் எர்த் கெட வாய்ப்பிருக்கு.

இன்ஜின் முழுசா ஆறுன பிறகுதான் ஹோஸ்ல கை வைக்கணும். கூலன்ட் (இன்ஜினை ஆத்துற திரவம்) திருப்பி ஊத்துனதும் உள்ள மாட்டுன ஏரை எடுத்துடுங்க, சென்சார் காத்துல நின்னா ரீடிங் தப்பாதான் வரும்.

மேல் ஹோஸ்ல மாட்டுனதால முதல்ல முள்ளு கீழயே கிடக்கும், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) திறந்ததும் சரசரன்னு ஏறும், அதைப் பாக்க எனக்கு அவ்ளோ சந்தோஷம்.