ரேமண்ட் தீவு மூணாவது ரவுண்டு: ஒருவழியா கண்ணு திறந்த கோவாலா கிடைச்சிருச்சு

ரெண்டு வருஷமா மனசுல கிடந்து அரிச்சிட்டு இருந்த படம், போன சனிக்கிழமை கிடைச்சிருச்சு. காட்டு கோவாலா, ரெண்டு கண்ணும் திறந்து, கண்ணுக்குள்ள சின்னதா வெளிச்சப் பொட்டு, பின்னாடி வெள்ளை வானத்துக்கு பதிலா பச்சை இலை. வீட்டுக்கு வந்து லேப்டாப்ல பெருசாக்கி பாத்தப்ப மூக்குல இருக்கற சின்னச் சின்ன வரி கூட தெரியுது, சந்தோஷத்துல ராத்திரி தூக்கமே வரல.

ரேமண்ட் தீவு ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துல, பெய்ன்ஸ்வில் ஊருக்கு எதிர்க்கரைல இருக்கு. மெல்பர்ன்ல இருந்து பெய்ன்ஸ்வில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், காலைல மூணு மணிக்கே கிளம்பிட்டோம், நானும் எப்பவும் கூட வர்ற அண்ணனும். காரை இந்தக் கரையிலயே விட்டுட்டு ஃபெரில ஏறிட்டோம். நடந்து போறவங்களுக்கு டிக்கெட் கிடையாது, அஞ்சு நிமிஷத்துக்குள்ள அந்தப் பக்கம் இறங்கிரலாம். இறங்குற இடத்துக்கு பக்கத்துலயே கோவாலா பாதை ஆரம்பிக்குது, ஒரு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கும், வீடுங்களுக்கு நடுவுலயே போகுது. இங்க கோவாலா பாக்கறது கஷ்டமே இல்ல, ரோட்டோர மரத்துலயே உக்காந்திருக்கும். கஷ்டம் எல்லாம் படத்துலதான்.

முதல் ரெண்டு தடவையும் நான் எடுத்துட்டு வந்தது என்னன்னா, வெள்ளை வானத்துக்கு முன்னாடி ஒரு கறுப்பு உருண்டை. கேமரா மொத்த ஃப்ரேமையும் சராசரி பண்ணும், வானம் பளீர்னு இருக்கும், அதனால எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழற வெளிச்ச அளவை, குறைச்சிரும், கோவாலா இருட்டாயிரும். சரின்னு ரெண்டாவது தடவை கேமரா கணக்கு போடறதை விட வெளிச்சத்தை ஏத்தி, காம்பன்சேஷன் பிளஸ் 2 வெச்சேன், மூஞ்சி தெரிஞ்சுது, ஆனா வானம் மொத்தமா வெளுத்து காதோரத்துல இருக்கற வெள்ளை முடியெல்லாம் அதுல கரைஞ்சு போச்சு. இலை ஓரமெல்லாம் ஊதா கலர் வேற. எடிட் பண்ணி சரி பண்ணிரலாம்னு ஒரு வாரம் உக்காந்து பாத்தேன், அந்த ஊதா போகவே இல்ல.

இந்தத் தடவை மூணு விஷயத்தை மாத்தினேன். முதல்ல வெயில் பக்கம். நம்ம ஊர்ல தை மாசம் சூரியன் தெற்கால சாஞ்சு போகும், அதே பழக்கத்துல நான் இங்கயும் மரத்துக்கு தெற்கால நின்னு எடுத்துட்டு இருந்திருக்கேன். இங்க ஜூலை குளிர்காலம், சூரியன் வடக்கால தாழ்வா போகும், அப்ப மரத்தோட வடக்குப் பக்கம் நின்னாதான் வெளிச்சம் நம்ம முதுகுக்கு பின்னாடி இருந்து அது மூஞ்சில விழும். இவ்ளோ சின்ன விஷயம், ரெண்டு ட்ரிப்பை முழுங்கிருச்சு.

ரெண்டாவது தூரம். எல்லாரும் மரத்தடிக்கு போய் அண்ணாந்து எடுக்கறாங்க, அப்படி எடுத்தா வயிறும் நாடியும்தான் வரும், பின்னாடி சுத்தமா வானம். எட்டு மீட்டர் உயரத்துல இருக்கறதை ஆறு மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா லென்ஸ் நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல தூக்கி நிக்கும், அதையே இருபது மீட்டர் பின்னாடி போனா பதினெட்டு இருபது டிகிரிதான். அந்தக் கோணத்துல அடுத்த மரத்தோட இலை பின்னணியா வந்துரும். அதுக்கு தூரத்துல இருக்கறதை கிட்ட இழுத்துக் காட்டற 600 எம்.எம். லென்ஸ் வேணும், என் 150-600 லென்ஸை இத்தனை நாள் சும்மாதான் சுமந்துருக்கேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

மூணாவதுதான் முக்கியம், மீட்டரிங், அதாவது கேமரா வெளிச்சத்தை அளக்கற விதம். கோவாலா ரோமம் சாம்பல் நிறம், யோசிச்சு பாருங்க, அதுவே நமக்கு ஒரு கிரே கார்டு, வெளிச்சம் அளக்க வெச்சுக்கற சாம்பல் அட்டை! ஒரு சின்னப் புள்ளில மட்டும் அளக்கற ஸ்பாட் மீட்டரிங் வெச்சு தோள்பட்டை முடில அளந்து, மேனுவல்ல அப்படியே பூட்டிட்டேன், ஷட்டர் வேகம் 1/500 செகண்டு, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, சென்சார் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1000. நெஞ்சுல அளக்கக் கூடாது, அங்க முடி வெள்ளை, திரும்ப இருட்டாயிரும். ரொம்ப நேரம் தூங்குற பிராணிதானே, 1/250 போதுமேன்னு தோணும், ஆனா காத்துக்கு கிளை ஆடுது, அதுவும் சேர்ந்து ஆடுது, 1/500க்கு கீழ இறங்காதீங்க.

இதெல்லாம் செட் பண்ணியாச்சு, ஆனா அது கண்ணை திறக்கணுமே. ஒரு நாளைக்கு 18, 20 மணி நேரம் அசையாம கிடக்கும், யூகலிப்டஸ் இலைல சத்து கம்மி, நஞ்சு ஜாஸ்தி, செரிக்கவே அதோட சக்தி எல்லாம் போயிரும். கண்ணு மூடியிருந்தா விலங்குக் கண்ணைத் தேடுற ஆட்டோஃபோகஸும் தடுமாறுது, அதனால ஒத்தை பாயிண்ட் வெச்சு மூக்குல ஃபோகஸ் பண்ணி காத்திருந்தேன். பக்கத்துல ஒருத்தர் கை தட்டி எழுப்பப் பாத்தாரு, வேண்டாம்னு சொல்லிட்டேன். ஃபிளாஷ் அடிக்கறது, மரத்தை ஆட்டறது எல்லாம் தப்புங்க, இலையை தின்னு சேத்த கொஞ்சநஞ்ச சக்தியையும் நம்ம ஒரு படத்துக்காக செலவு பண்ண வைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம் கழிச்சு அதுவா முழிச்சு, தொடையை சொறிஞ்சு, ஒரு இலையை மோந்து பாத்துட்டு நேரா என்னைப் பாத்துச்சு. பதினோரு ஃப்ரேம். திரும்ப கண்ணை மூடிருச்சு.

எந்த மரத்தைப் பாத்து காத்திருக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு: தரையைப் பாருங்க. ஆலிவ் கொட்டை சைஸ்ல புழுக்கை கிடக்கும், அது பச்சை கலந்து ஈரமா இருந்தா மேல ஆள் இருக்கு, காஞ்சு பழுப்பா இருந்தா பழசு. இதை எனக்கு சொன்னது அந்தத் தீவுல குடியிருக்கற ஒரு பாட்டி, தன் வீட்டு வேலி ஓரமா எங்களை கூட்டிட்டு போய் காட்டினாங்க.

அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க, கேட்டு மனசு கனமாயிருச்சு. இந்தத் தீவுல கோவாலா இயற்கையா இருந்ததில்ல, 1953ல கொண்டு வந்து விட்டதுதான். விக்டோரியா முழுக்க தோலுக்காக சுட்டுத் தள்ளி கிட்டத்தட்ட இல்லாம பண்ணிட்டு, தீவுகள்ல தப்பிச்சதை வெச்சுத்தான் திரும்பப் பெருக்கியிருக்காங்க. இங்க அதுங்க பெருகி மரங்களை மொட்டையடிச்சு, மரமே சாக ஆரம்பிச்சதால கொஞ்சத்தை வேற காட்டுக்கு மாத்தி, பெண் கோவாலாக்களுக்கு கருத்தடையும் பண்ணியிருக்காங்க. மொட்டை மரங்களை நானே பாத்தேன். வடக்க குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ்ல 2022ல அழிவு அபாயப் பட்டியல்ல சேத்த அதே பிராணி, இங்க சாப்பாடு பத்தாம நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு.

மோனோபாட், அதாவது கேமராவைத் தாங்குற ஒத்தைக் கால் ஸ்டாண்டு, அதைப் பத்தி சொல்லியே ஆகணும். அதுக்கு மேல மாட்டி லென்ஸை மேல கீழ சாய்க்கற டில்ட் ஹெட்டை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினேன், என் லென்ஸோட அடில இருக்கற காலுக்கு சேராத பிளேட்டை அனுப்பிட்டாங்க, ரெண்டு மெயில் போட்டும் பதில் இல்ல. கடைசில மோனோபாட் இல்லாம ரெண்டு கிலோ லென்ஸை கைலயே தூக்கி நின்னதுல தோள் இன்னும் வலிக்குது. யாராவது நல்ல கடை தெரிஞ்சா சொல்லுங்க, பிளேட் நீளம் குறைஞ்சது 10 சென்டிமீட்டர் வேணும்.

அக்டோபர்ல திரும்பப் போகணும், அப்ப குட்டிங்க அம்மா முதுகுல ஏறி வரும், ஆண் கோவாலா உறுமுறதையும் பதிவு பண்ணணும்னு ஒரு மைக் பாத்து வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் ஸ்டோனி பாயிண்ட்ல ஃபெரி ஏறி ஃப்ரெஞ்ச் தீவு. குயின்ஸ்லாந்து மேக்னடிக் தீவுல ஃபோர்ட்ஸ் வாக்ங்கற நடைபாதையும் ஆசைதான், ஆனா டவுன்ஸ்வில் வரைக்கும் ஃபிளைட் டிக்கெட் பாத்ததும் அடுத்த வருஷத்துக்கு தள்ளிட்டேன்.

இப்போதைக்கு 640 ரா ஃபைல் (கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கற படம்) பிரிக்காம கிடக்கு. அந்த பதினொண்ணுல நாலாவது ஃப்ரேமை ஏ3ல பிரிண்ட் போடப் போறேன். இடது காது ஓரத்துல மட்டும் கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப்பொடியா புள்ளி, இருக்கு, அதை எடுத்தா முடியோட மென்மை போயிருது, ரெண்டு நாளா அதுலயேதான் நிக்கறேன்.