தரையில் ஒரு மெத்தை

ஒன்றரை வயது மகளின் கம்பி வைத்த தொட்டில் கட்டிலைக் கழற்றிவிட்டோம். ஒருநாள் காலை ஒரு காலைக் கம்பிக்கு மேல் போட்டு, பாதி உடம்பு வெளியே தொங்க நின்றிருந்தாள். நெஞ்சு பதறிவிட்டது.

இப்போது தரையில் ஒரு மெத்தை, அவ்வளவுதான். உருண்டு விழுந்தாலும் நாலு விரல் உயரம். தூக்கம் வந்தால் தானே போய்ப் படுக்கவும், விழித்தால் தானே எழுந்து வரவும் குழந்தைக்குத் தாழ்வான படுக்கை வேண்டும் என்று மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அந்தக் காலத்திலேயே சொன்னார்.

ஆனால் இனி அறை முழுக்கவே அவள் தொட்டில். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கினோம். பிளக் பாயின்டுகளுக்கு மூடி போட்டோம். திரைக் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டினோம். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே குழந்தை சிக்கும் இடுக்கு இருக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் என்றால் இன்னும் கவனம்: கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். அப்புறம், அடியில் ஈரம் கோக்கும், மெத்தையை அடிக்கடி நிமிர்த்திக் காயவிடுங்கள்.

முதல் வாரம் இரவெல்லாம் எழுந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் பேசாமல் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். இன்று காலை அழுகைச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து துணிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.