பாலையும் பாசியும்

பள்ளிக்கூட மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது வகுப்பறை இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற பாலை மரம்தான். எங்கள் ஆட்களுக்குப் பாலையைப் பற்றிச் சொல்லவா வேணும்? இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வழியெல்லாம் பாலை, வீரை, முதிரைதான். பழக்காலத்தில் மரத்தடி மஞ்சளாய்க் கிடக்கும். பத்துப் பழம் தின்பதற்குள் பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிவிடும், அந்த வாயோடேயே மணி கேட்டு வகுப்புக்கு ஓடுவோம். கரடிக்கும் அதே பழத்தில்தான் ஆசை என்பதால் காட்டுப் பக்கம் தனியே போக விடமாட்டார்கள்.

பாசியைக் காட்டித் தந்தவர் விஞ்ஞான சேர். ஆடி வெயிலில் கிணற்றுக் கட்டில் கரிப்பொருக்கு மாதிரி ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி மேசையில் வைத்து, "செத்துப்போச்சு எண்டு நினைக்காதேங்கோ பிள்ளையள்" என்று சொல்லி நாலு துளி தண்ணீர் விட்டார். சுருண்டு கிடந்த இலைகள் மெல்ல விரிந்து, கைவில்லைக்குள் பச்சைப்பசேல் என்று நின்றன. வேர் இல்லை, பூ இல்லை, விதைக்குப் பதில் வித்திகள். பக்கத்தில் ஒரு பாலைக் கொப்பையும் வைத்து இரண்டையும் கீறச் சொன்னார். நான் பாலையை ஏனோதானோ என்று கீறினேன், தினமும் பார்க்கிற மரம்தானே!

இங்கிலாந்துக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு டார்பிஷயரில் உள்ள ஒரு பாசியைப் பற்றி வாசித்தேன். தாம்னோபிரையம் அங்குஸ்டிஃபோலியம் என்று பேர். சுண்ணக்கல் பள்ளத்தாக்கு ஒன்றில், ஊற்றுத் தண்ணீர் எந்நேரமும் நனைக்கிற பாறையில் ஏறக்குறைய 3 சதுர மீற்றருக்குள்தான் அது வளர்கிறதாம். எங்கள் வகுப்பு மேசைகள் சிலவற்றைச் சேர்த்துப் போட்டால் அவ்வளவுதான். எங்கள் கிணற்றுப் பாசி காய்ந்து கிடந்து மாரிக்கு எழும்பும், இதற்கு அந்த ஊற்று கெட்டால் போக்கிடம் இல்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் அட்டவணையில் அதன் பேரைப் போட்டுக் காக்கிறார்கள். வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அப்புறம் பாலையை நினைத்துத்தான் மனம் கனத்தது. நிறைய நிற்கிறது என்று யாரும் அதை எண்ணுவதில்லை. ஆனால் அது மிக மெதுவாக வளர்கிற வைர மரம், இன்றைக்குத் தறித்தால் அதே பருமனில் இன்னொன்றை நம் பேரப்பிள்ளைகள் காண்பதே கஷ்டம்.

போன முறை ஊருக்குப் போனபோது எங்கள் மரம் இல்லை. அந்த இடத்தில் சைக்கிள் கொட்டில்.

இதை வாசிக்கிறவர்களில் ஊரோடு தொடர்பு உள்ளவர்கள் யாராவது, வருகிற பழக்காலத்தில் நாலு கொட்டையைப் பொறுக்கிப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் ஊன்ற ஒழுங்கு செய்யுங்கள். வேலி அடைக்கிற செலவும், கோடையில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளமும் நான் தருகிறேன்.