நெட் லைஃப் சயின்சஸ்: நான்காம் யூனிட்டைப் பட்டாணி வேரில் தொடங்குங்கள்

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை எழுதப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது நான்காம் யூனிட்டில் வரும் பாக்டீரியா–ஓம்புயிரி (அது தங்கி வாழும் செடி அல்லது விலங்கு) பகுதியைப் பற்றித்தான். பலரும் ‘நன்மை செய்பவை’, ‘நோய் தருபவை’ என்று இரண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். யோசித்து விடை தேடவேண்டிய பார்ட் சி கேள்விகளுக்கு அது கைகொடுக்காது. நான் கொடைக்கானல் மேல்மலைக்காரி. எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது பூம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில்தான்.

பட்டாணி பூவெடுக்கும் சமயத்தில், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் வேர்முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரை அலசி, ஒரு முடிச்சை பிளேடால் நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நைட்ரஜனை மாற்றும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அளவைக் கட்டுப்படுத்துவது இந்தப் புரதம்தான். முடிச்சு முதிர்ந்து பச்சையாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

அப்புறம் உருளைக்கிழங்கு. வாடல் கண்ட செடி கிடைத்தால், தண்டை நறுக்கி, வெட்டிய முனை மட்டும் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழே இறங்கும். அதுதான் வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா. பூஞ்சை வாடலில் இப்படி வராது. அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், நோய் பரவும். கொதிக்கவைத்துக் கொட்டுங்கள்.

சரி, இப்போது ரைசோபியம், ரால்ஸ்டோனியா இரண்டிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: ஓம்புயிரியை எப்படி அறிகிறது, எந்த வழியாக நுழைகிறது, எங்கே தங்குகிறது, தற்காப்பை எப்படிக் கடக்கிறது? வேர் விடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை உணர்ந்து ரைசோபியம் நாட் காரணி என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கிறது. வேர்த்தூவி சுருள்கிறது, பாக்டீரியா உள்ளே போகும் குழாயான தொற்று இழை உருவாகிறது, செடியே தரும் சவ்வுக்குள் பாக்டீரியா குடியேறுகிறது. ரால்ஸ்டோனியா காயத்தின் வழியாகவோ பக்கவேர் கிளம்பும் இடத்திலோ புகுந்து நீர் ஏறும் குழாயான சைலத்தில் பெருகுகிறது. அது சுரக்கும் பாலிசாக்கரைடு நீரோட்டத்தை அடைக்கிறது. செடியின் தற்காப்பை அடக்க அதற்கு, புரதங்களை ஊசிபோல் செல்லுக்குள் செலுத்தும் டைப் 3 சுரப்பு அமைப்பு உண்டு. சில ரைசோபியங்களிடமும் அதே அமைப்பு இருக்கிறது! இரண்டு பட்டியல் போட்டுப் படித்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நல்லது, கெட்டது என்று எளிதில் பிரிக்க முடியாததற்கு இன்னொரு சான்று: அக்ரோபாக்டீரியம் ரைசோபியத்தின் குடும்பத்தையே சேர்ந்தது. டிஐ பிளாஸ்மிட் (தனி டிஎன்ஏ வளையம்) இருந்தால்தான் அது செடியில் கழலை உண்டாக்கும். டிப்தீரியா பாக்டீரியாவும் அப்படித்தான். நச்சுக்கான மரபணுவை ஒரு ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) கொண்டுவந்து சேர்த்தால்தான் நச்சு சுரக்கும்.

விலங்குப் பகுதிக்கு வரும்போது சால்மோனெல்லா, ஷிகெல்லா, லிஸ்டீரியா என்ற மூன்று நோய் பாக்டீரியாக்களுக்கும் இதே நான்கு கேள்விகளுக்குப் புத்தகம் பார்க்காமல் விடை எழுதுங்கள். சால்மோனெல்லா பெரும்பாலும் செல்லுக்குள் தன்னைச் சூழ்ந்த சவ்வுப்பையான வேக்குவோலுக்குள்ளேயே பெருகும். மற்ற இரண்டும் அதை உடைத்துக்கொண்டு வெளியேறி, செல்லின் ஆக்டின் புரத இழைகளைப் பயன்படுத்தி அடுத்த செல்லுக்குத் தாவும். இந்த வித்தியாசத்தைப் படம் வரைந்து பழகுங்கள்.