வலதுபக்கம், இடதுபக்கம்: மகிமை கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்

வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45-இல் இருந்து எடுத்தது: இயேசு ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே வந்தார் என்பது. இந்த ஊர் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே அது தெரியும். ஆனால் அந்த வசனம் யாருக்குச் சொன்ன பதில் என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள். எட்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். சீஷர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, "உமது மகிமையிலே" வலதுபக்கம் ஒருவனுக்கும் இடதுபக்கம் ஒருவனுக்கும் இடம் கேட்கிறார்கள். அதாவது நம் ஊர் மருத்துவமனை வாசகமே, மகிமையில் பங்கு கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்தான்.

மகிமை என்றதும் அவர்கள் மனதில் வந்தது சிம்மாசனமும் பக்கத்து நாற்காலியும். கேட்பது இன்னதென்று உங்களுக்கே தெரியவில்லை என்கிறார் இயேசு. 15-ஆம் அதிகாரத்தில் அந்த இரண்டு இடமும் நிரம்புகின்றன. வலதுபக்கம் ஒரு கள்ளன், இடதுபக்கம் ஒரு கள்ளன், நடுவே சிலுவை. மாற்கு இதைச் சும்மா எழுதவில்லை என்றே நினைக்கிறேன். யோவான் சுவிசேஷமும் தன் வழியில் இதையே காட்டுகிறது. 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார், காட்டிக்கொடுக்கிறவன் இருட்டில் வெளியே போகிறான், உடனே "இப்பொழுது மனுஷகுமாரன் மகிமைப்படுகிறார்" என்கிறார். நாம் எழுதியிருந்தால் அந்த வரியை உயிர்த்தெழுந்த காலையில் வைத்திருப்போம்.

பழைய ஏற்பாட்டில் மகிமையின் அடையாளமாக மேகம், அக்கினி, ஆலயத்துக்குள் ஆசாரியர்கள் நிற்கமுடியாத அளவுக்கு நிறைவு எல்லாம் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் யாத்திராகமம் 33-இல் மோசே "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று கேட்டபோது, "என்னுடைய தயையை எல்லாம்" உன் முன்பாகக் கடந்துபோகப்பண்ணுவேன் என்றுதான் பதில் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் மோசேயின் காதில் விழுவது இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், தயை, சத்தியம். கேட்டது காட்சி, கிடைத்தது குணம். மகிமைப்படுத்துவது என்றால் தேவனிடம் இல்லாத ஒன்றை நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அல்ல. அந்தக் குணத்தை மறைக்காமல் இருப்பதுதான்.

நாம் அதிகம் மறைப்பது எங்கே? தேவன் தனக்குச் செய்ததை ஒருவர் சபையில் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில். "எல்லா மகிமையும் தேவனுக்கே" என்று தொடங்கி பத்து நிமிடம் தன் பெருமையைப் பேசுவது ஒரு வகை. அது எல்லாருக்கும் தெரிகிறது, சிரித்துவிட்டுப் போகிறோம். ஆஸ்பத்திரி ஊரான நமக்கு இன்னொரு வகைதான் ஆபத்து: "பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இறந்துவிட்டார், என்னை மட்டும் கர்த்தர் காப்பாற்றினார்." மூன்றாவது வரிசையில் போன மாதம் கணவனைப் பறிகொடுத்த அம்மா உட்கார்ந்திருப்பார். அவர் காதில் அது எப்படி விழும்? இரக்கமுள்ள தேவன் பட்சபாதம் பார்க்கிறவராகிவிடுகிறார்.

சாட்சி சொல்லப்போகிறவர் முந்தின நாளே எழுதிப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம், வாசிக்க மூன்று நிமிடம் போதும். என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று வரியில் முடியுங்கள். வியாதியின் விவரமும் பில் தொகையும் வேண்டாம். தொகை பெரிதானால் அற்புதமும் பெரிது என்ற கணக்கு கேட்கிறவர் மனதில் தானாக ஓட ஆரம்பித்துவிடும். யார் கையால் உதவி வந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்: ரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், ராத்திரி டியூட்டி நர்ஸ், முன்பணம் புரட்டித் தந்த மச்சான். அவர்கள் வேறு மதத்தவராக இருந்தாலும் விடக்கூடாது. மனிதருக்கு நன்றி சொன்னால் தேவனுடைய மகிமை குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். மத்தேயு 5:16 அந்தப் பயத்துக்கு இடமே தரவில்லை. நற்கிரியையை மனுஷர் கண்டுதான் பிதாவை மகிமைப்படுத்துகிறார்கள். இன்னும் தீராத வலி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நன்றாக முடிந்த கதையாகச் சொல்லிவிட்டால், அடுத்த மாதம் வியாதி திரும்பும்போது சபைக்கு வரவே கூச்சமாகிவிடும்.

"எதைச்செய்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று" என்ற 1 கொரிந்தியர் 10:31-ஐ நாட்காட்டியில் தனியாகப் போடுகிறார்கள். பவுல் அதை எழுதியது விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி பற்றிய நீண்ட வாதத்தின் முடிவில். உடனே தொடர்வது இடறலாய் இராதேயுங்கள், சுயபிரயோஜனம் தேடாதேயுங்கள் என்பது. ஆகவே அன்றாட வேலையில் பார்க்கவேண்டியது, இதனால் அடுத்தவனுக்கு நன்மையா, இடறலா என்பதுதான்.

வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்று 1955-இல் தொடங்கிய நிலையம் இருக்கிறது. 1940-களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதத்தில் கிருமியை ஒழித்துவிடும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. அதனால் தினமும் பாதத்தை 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். வெந்நீர் கூடாது, சுட்டால் தெரியாது. தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, விரலிடுக்கு வரை பார்க்கவேண்டும். செருப்பில் ஆணி இருக்கக்கூடாது, ஒட்டியோ தைத்தோ இருக்கவேண்டும். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். கால் புண்கள் பல அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. வீட்டில் ஒருவர் குனிந்து அந்தப் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பதற்கும் யோவான் 13-க்கும் நடுவே எனக்கு இடைவெளி தெரியவில்லை.

கடைசியாக ஆபகூக் 2:14. பூமி கர்த்தருடைய மகிமையை அறிகிற அறிவினால் நிறைந்திருக்கும் என்ற வசனம் சபைச் சுவர்களுக்கு ஏற்றதாகிவிட்டது. இரண்டு வசனம் முன்னால், அநியாயத்தினால் நகரத்தைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்றிருக்கிறது. பாலாற்றுக் கரையில் இதைத் தாண்டிப் படிக்கமுடியாது. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில், அசுத்தப்படுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பணத்தில் சம்பளம் வாங்கும் விசுவாசிகள் நிறைய. முதலாளிகளும் உண்டு. சுவரில் 14-ஆம் வசனத்தை எழுதும்போது 12-ஐயும் சேர்த்து எழுதலாம். இடம் போதவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் நன்கொடையாளர் கல்வெட்டைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.